மாமாவுக்குப் பக்கத்தில் நின்ற பிரெஞ்சுச் சீமாட்டி

மாமாவின் கல்யாணப் பேச்சை நான் ஒரு படத்தால் குழப்பி, இன்னொரு படத்தால் சரிசெய்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. ஜேர்மனியில், எர்லாங்கன் நகரில் ஒரு சிறிய வீட்டில் அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான் என்று நாலு பேர் இருந்தோம்.

இங்கே சில நாட்களில் சனங்கள் வேண்டாத தளபாடங்களைத் தெருவோரம் வைத்துவிடுவார்கள். எங்கள் கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் அப்படி வந்தவைதான். ஒருநாள் மாமா ஆளுயர அச்சுப்படம் ஒன்றைத் தூக்கிவந்து சுவரோடு சாத்தினார். கறுப்புப் பட்டு உடுத்த ஒரு சீமாட்டி. தங்க நிறப் பிறேம் ஒரு மூலையில் உடைந்திருந்தது. பின்னால் ஒட்டியிருந்த துண்டை மாமா எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"நூறு வருசத்துக்கு முந்தின பிரெஞ்சு ஓவியராம், அக்கா. பிறஷ் பட்ட தடமே தெரியாமல் கீறுவாராம்."

"அவ்வளவு கீறினவர் தோளை மூட ஒரு துணியும் கீறியிருக்கலாம்," என்றார் அம்மா.

அந்த மாதம் கொழும்பிலிருந்த பெண் வீட்டார் மாப்பிள்ளையின் படம் கேட்டார்கள். மாமாவுக்கு முப்பத்தைந்து வயது. இதுவும் முறிந்தால் இனி ஒன்றும் பொருந்தாது என்று அம்மாவுக்குப் பயம். மாமா கமராவை என்னிடம் தந்துவிட்டுச் சீமாட்டியோடு ஒட்டி நின்றார்.

"கிட்ட வா பிள்ளை. பிறேம் படத்தில வரப்படாது. குப்பையில எடுத்ததெண்டு அறிஞ்சிடுவினம்."

சொன்னபடியே எடுத்தேன். மாப்பிள்ளை வெள்ளைக்காரியோடு குடும்பம் நடத்துவதை ஒளிக்காமல் காட்டியதற்கு நன்றி என்று பெண்ணின் தகப்பன் எழுதினார். அம்மா உடனே தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, அது கீறின படம்!"

"எனக்குக் கண் தெரியும், தங்கச்சி. அவ மூச்சு விடுறதே தெரியுது." மறுமுனைச் சத்தம் எனக்கும் கேட்டது.

அந்த ஓவியருக்குப் பாரிசில்கூட இப்படி ஒரு பாராட்டுக் கிடைத்திருக்காது.

அம்மா என் தலையில் குட்டினார். பிறேமோடு இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். மாமா, "பிறகு போட்ட பில்மும் முடிஞ்சுது, அக்கா," என்றார். அடுத்த கிழமை எடுக்கலாமென்றால், கந்தோரில் ஆளைச் சந்திக்க டெர்மீன் இருக்கு என்றார். கவலையில் வழமையைவிட இரண்டு மடங்கு புட்டுச் சாப்பிட்டார்.

எனக்கோ குற்ற உணர்வில் ஒன்றும் இறங்கவில்லை. ஞாயிறு மத்தியானம் மாமா சீமாட்டியின் காலடியில் பாய் விரித்து, சாரத்தோடு, வாயைப் பிளந்தபடி தூங்கினார். கமராவை எடுத்துப் பார்த்தேன். இன்னும் ஆறு படம் மிச்சம் இருந்தது. கதவு வரை பின்னுக்குப் போய், உடைந்த மூலையும் சேர நாலு மூலையும் வரும்படி அமத்தினேன்.

அம்மா பில்மைக் கடையில் கழுவக் கொடுத்துப் படத்தை எடுத்து, குப்பைக் கதையையும் எழுதி அனுப்பினார். சிக்கனமான பெடியன் என்று பெண்ணின் தகப்பனுக்கு ஒரே சந்தோசம். நாளும் வைத்துவிட்டார்கள்.

அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். மாமா மட்டும் அன்று புட்டைத் தொடவில்லை; ஒரு மாதம் என்னோடு பேசவுமில்லை. வாய் பிளந்த படம் பெண் வீட்டுக்குப் போன வெட்கம் என்று நினைத்தேன். ஒருநாள் அவர் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று மன்னிப்புக் கேட்டேன்.

"அடுத்த முறை உங்களை எழுப்பிப்போட்டு எடுக்கிறன், மாமா."