எல்சி எண்ணிய தவறுகள்

ராயபுரத்தில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்த முதல் பெண் எல்சியாகத்தான் இருப்பாள். எம்.எஸ்ஸி. கணிதம் முடித்தவள் 1970இல் நகரத்தின் தெற்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தாள். வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்தவர்களை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அவள் அப்பா சவரிநாதன்தான் அடக்கினார்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் எங்கே, எதனால் தவறு செய்கிறார்கள் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. இதெல்லாம் ஒரு படிப்பா என்று துறையில் சிரித்தார்கள். பேராசிரியர் பக்தவச்சலம் மட்டும் ஏற்றுக்கொண்டார். ஐந்து வருடம் பஸ்ஸும் ரயிலும் மாறிப் போய், மற்றவர்கள் கசக்கி எறிந்த தாள்களைப் பொறுக்கி, ஒவ்வொரு தவறையும் கம்ப்யூட்டர் படிக்கும்படி ஓர் அட்டையில் துளையிட்டுச் சேர்த்தாள். பெரும்பாலான தவறுகள் எழுதும்போது வருவதில்லை, வேலையைப் புரிந்துகொள்ளும்போதே வந்துவிடுகின்றன என்று முடிவு கிடைத்தது. ஆய்வேடு தட்டச்சாகி பைண்டிங்கும் ஆனது.

சமர்ப்பிக்க நான்கு நாள் இருக்கையில் ஓர் அட்டவணையைக் கையால் கூட்டிப் பார்த்தாள். கணக்கு இடித்தது. அட்டைகளை எண்ண அவள் எழுதிய புரோகிராமிலேயே பிழை. இரண்டு முறை திருத்திய தவறை அது இரண்டாக எண்ணியிருந்தது. சரியாக எண்ணியபோது அவள் முடிவு நிற்கவில்லை.

பேராசிரியரிடம் கணக்கைக் காட்டினாள். "ஜூன்ல நான் ரிட்டயர் ஆறேன். எனக்கப்புறம் இதை இங்க யாரும் தொடமாட்டாங்கம்மா. தேர்வாளர் அட்டையை எண்ணப்போறதில்ல" என்றார்.

வீட்டிலும் சொன்னாள். சவரிநாதன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எவன் கண்டுபுடிக்கப் போறான்? குடுத்துட்டு வா."

"நான் கண்டுபுடிச்சிட்டேனே, நைனா."

அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார்.

அவள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காமல், பதிவை ரத்து செய்ய எழுதிக்கொடுத்தாள். பக்தவச்சலம் முகம் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். வேறிடத்தில் தொடரலாம் என்று இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு எழுதினாள். ஒன்று பதில் போடவில்லை. இந்தப் பொருள் எங்கள் எந்தத் துறையிலும் அடங்காது என்றது மற்றது. அந்தக் கடிதத்தைப் பஸ்ஸிலேயே படித்துவிட்டு, இறங்கவேண்டிய நிறுத்தம் தெரியாமல் எண்ணூர் வரைக்கும் அழுதுகொண்டே போனாள்.

பிறகு திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரானாள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் சவரிநாதன், "இன்னும் எழுதிகினுதான் கீது. பெரிய படிப்பில்லியா, டைம் ஆவும்" என்பார். அடுப்படியில் அவள் காதில் விழும். அவர் இறக்கும்வரை அவள் அதைத் திருத்தவே இல்லை.