குத்தம்பாக்கம் மாந்தோப்பில் அத்தையும் நானும் ஒரு கூடாரமும்

போன செப்டம்பரில் குத்தம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில் நடந்த சின்னக் கலை விழாவுக்குப் போய் வந்தேன். சனிக்கிழமை மதியம் தொடங்கி ஞாயிறு மதியம் முடிகிற விழா. பாட்டு, பறை, ஓவியம், பொம்மலாட்டம் எல்லாம் உண்டு. இரவு அங்கேயே கூடாரத்தில் தூங்க வேண்டும். நடத்துகிறவர்கள் பெரிய ஆட்கள் இல்லை. அம்பத்தூரில் ஒரு பள்ளியில் ஓவியம் சொல்லித்தரும் ஜெனிஃபரும் அவர் நண்பர்களும்தான். விளம்பரம் கிடையாது, ஒருவர் சொல்லி ஒருவர் வருவதுதான். எண்பது பேர் இருந்திருப்போம்.

நானும் என் கணவர் தினேஷும் போவதாகத்தான் ஏற்பாடு. சாப்பாடு, கூடாரம் சேர்த்து ஆளுக்கு 900 ரூபாய். வெள்ளிக்கிழமை மாலை அவர் அலுவலகத்திலிருந்து போன் செய்து, சனி ஞாயிறு இரண்டு நாளும் வேலை வந்துவிட்டது என்றார். சரி, விட்டுவிடலாம் என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த அத்தை தலையை நீட்டிக் கேட்டார்.

"நான் வரட்டுமாம்மா?"

அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தினேஷின் அம்மா, பெயர் ராஜேஸ்வரி. மாமா ஆவடி பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கல்யாணமான நாளிலிருந்து அத்தைக்குக் குவார்ட்டர்ஸ்தான் உலகம். மாமா ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, எங்களோடு அயனம்பாக்கம் ஃபிளாட்டுக்கு வந்த ஆறாம் மாதம் இறந்துபோனார். அதற்கப்புறம் அத்தை எங்கள் வீட்டில் விருந்தாளி போல இருந்தார். டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்வார். எனக்குக் கோவில்பட்டி. நான் பேசும் தமிழுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும் என்பதுபோல அளந்து அளந்து பேசுவார். "சாப்பிட்டாயாம்மா?", "குளித்துவிட்டு வருகிறேன்ம்மா." ஒரு சண்டை கிடையாது. ஒருநாளாவது என்னைத் திட்டமாட்டாரா என்று நான் ஏங்கியிருக்கிறேன் என்றால் சிரிப்பீர்கள்.

கூடாரத்தில், தரையில் படுக்கவேண்டும் என்று எச்சரித்தேன். "படுத்துக்கொள்ளலாம்மா" என்றார்.

அயனம்பாக்கத்திலிருந்து வானகரம், பூந்தமல்லி, திருமழிசை வழியாகச் சுமார் 18 கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 420 ரூபாய். பூந்தமல்லியைத் தாண்டும்வரை நெரிசல்தான், ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். எங்கள் மடியில் தலையணைகளைப் பார்த்த ஓட்டுநருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாக்கா, தலகாணிலாம் எட்துகினு போறீங்கோ, ஆஸ்பத்திரிக்கா?"

"இல்லைங்க, ஒரு தோப்புல படுக்கப் போறோம்" என்றேன்.

"ஏன், ஊட்ல ஃபேன் ஓடலியா?"

அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

குத்தம்பாக்கம் புதிய பேருந்து நிலையத்தைத் தாண்டி வலப்பக்கம் ஒரு மண்பாதை. அதன் கடைசியில் தோப்பு. மரத்துக்கு மரம் வண்ணத் துணி கட்டியிருந்தார்கள். நடுவில் தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை, அதன் முன்னால் பலகை மேடை. கூடாரங்கள் இரண்டு வரிசையாக, ஒன்றுக்கொன்று கையெட்டும் தூரத்தில் நின்றன. எங்களுக்கு ஒரு பச்சைக் கூடாரம். தண்ணீருக்கு ஒரே குழாய். அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் சோர்வாகத்தான் இருந்தது.

அங்கே கொடுத்த குடத்தோடு குழாயடிக்குப் போன அத்தை அரைமணி நேரம் வரவில்லை. தேடிப் போனால், வரிசையில் நின்ற பெண்களோடு பேசிக்கொண்டிருந்தார். திருவள்ளூரிலிருந்து வந்த ஒரு நர்ஸ் அம்மா, பறை அடிக்கும் குழுவிலிருந்து இரண்டு பெண்கள். குடம் எப்போதோ நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

திரும்பி வரும்போது, கூடாரங்களுக்கு நடுவே நின்று சுற்றிலும் பார்த்தார். ஒரு கூடாரத்தில் யாரோ கிதாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றில் புருஷன் பெண்டாட்டி சண்டை. எங்கோ ஒரு குழந்தை பால் குடிக்கமாட்டேன் என்றது.

"இங்க எல்லார் ஊட்டு சத்தமும் எல்லாருக்கும் கேக்குது" என்றார். "நல்லா கீது."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, "நன்றாக இருக்கிறதும்மா" என்று திருத்தினார். குவார்ட்டர்ஸை விட்டு வந்ததில் அவர் எதை இழந்தார் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. எங்கள் தளத்தில் நாலு வீடு, நாலு கதவும் எப்போதும் மூடியேதான் இருக்கும்.

மதியம் பொம்மலாட்டமும் துணி ஓவியமும் நன்றாகவே போயின. மாலை ஐந்தரை மணிக்கு மேடைப்பாட்டு தொடங்கியது. மூன்றாவது பாட்டு பாதியில் இருக்கும்போது காற்று திரும்பியது. மேற்கே வானம் கறுத்து, ஐந்து நிமிஷத்தில் மழை கொட்டியது. ஜெனிஃபர் மேடை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, எல்லோரையும் கொட்டகைக்கு ஓடச் சொல்லிக் கத்தினார். எங்கள் வரிசைக் கூடாரங்கள் இரண்டு பிய்த்துக்கொண்டு உருண்டன. எங்கள் பச்சைக் கூடாரம் பலூன் மாதிரி உப்பி நின்றது. நான் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

"ஏய்! இன்னாடி பாத்துகினு நிக்கிற? அந்தப் பக்கம் புடி! புட்ச்சு இஸ்த்து கட்டு!"

அத்தைதான். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நின்றிருந்தார். நான் போய்ப் பிடித்தேன். எங்களுடையதைக் கட்டியதும் அடுத்த கூடாரம், அதற்கடுத்த கூடாரம். "அண்ணாத்தே, கவுத்த வுடாதே!" என்று முன்பின் தெரியாத ஓர் ஆளை விரட்டினார். "தா கண்ணு, கொயந்தய இட்டுகினு நீ உள்ள ஓடு!" பத்து நிமிஷத்தில் கூடார வரிசை முழுக்க நிமிர்ந்து நின்றுவிட்டது. எனக்கு முகமெல்லாம் மழை. அதற்குள் கொஞ்சம் கண்ணீரும் இருந்ததை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் என்னை அவர் 'டி' போட்டது அதுதான் முதல் தடவை.

கொட்டகைக்குள் எண்பது பேரும் நெருக்கியடித்து நின்றோம். தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்கவில்லை, பாட்டு எங்கே கேட்கும்? விழா அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம் என்று சிலர் வண்டி தேட ஆரம்பித்தார்கள். ஜெனிஃபர் முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. அப்போது குழாயடிப் பெண்கள் இரண்டு பேரும் பறையை எடுத்தார்கள். மழையோடு போட்டி போடும் சத்தம் அங்கே அது ஒன்றுக்குத்தான் உண்டு.

முதலில் இளசுகள் ஆடினார்கள். அப்புறம் நர்ஸ் அம்மா. அவர் அத்தையின் கையைப் பிடித்து இழுக்க, அத்தை "ஐயோ, வுடு" என்று பின்வாங்கினார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. மாமா போய் இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. நான் தலையசைத்தேன்.

ஆடினார். கால் சரியாகத் தாளத்தில் விழுந்தது. ஓர் இளைஞர் போனைத் தூக்கியபோது, "தம்பி, எடுக்காதீங்க" என்றேன். அவரும் உடனே பைக்குள் போட்டுவிட்டார். ஒரு சுற்று முடிந்ததும் அத்தை நின்று, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார்.

"கோட்ரஸ்ல எந்த விசேஷம்னாலும் ஒங்க மாமாதான் ஆடுவாரு. நான் கைதட்டிகினு ஓரமா நிப்பேன். ஒருநாளு கூட ஆடுனா இன்னான்னு..."

நான் அவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே மூக்கைச் சிந்திவிட்டு, "வாடி, நீயும் ஆடு" என்றார். எனக்கு ஆட வராது. ஆனாலும் ஆடினேன். வண்டி தேடியவர்களில் பாதிப் பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

ஞாயிறு காலை வெயில் சுள்ளென்று அடித்தது. தோப்பு முழுக்கக் கொடிகட்டிப் போர்வைகள் காய்ந்தன. பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்குக் கிளம்பினோம்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மழைக்கோட்டு கட்டாயம். மாற்றுத்துணி இரண்டு செட்டாவது பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப்போங்கள், எங்களுடையது முழுக்க நனைந்துவிட்டது. கழிப்பறை சுத்தம், ஆனால் நாலுதான், விடிவதற்கு முன் எழுந்துகொள்வது உத்தமம். கொசுவத்தி, டார்ச் மறக்கவேண்டாம். திரும்பி வரும்போது மண்பாதைக்குள் ஆட்டோ கிடைக்காது. ஒன்றரை கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டுக்கு வந்தால் பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ வரும்.

நாங்களும் அப்படித்தான் பூந்தமல்லிக்கு வந்தோம். அங்கே ஆவடி பஸ் ஒன்று கிளம்ப நின்றது. அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மும்தாஜ பாத்துட்டுப் போலாமாடி?"

மும்தாஜ், குவார்ட்டர்ஸில் அத்தைக்கு அடுத்த வீட்டுக்காரர். இப்போது ஆவடியிலேயே சொந்த வீட்டில் இருக்கிறார். மாமா இறந்தபோது வந்து கட்டிக்கொண்டு அழுதவர், அதன்பின் இருவரும் பார்க்கவில்லை. நாங்கள் சொல்லாமல் போய்க் கதவைத் தட்டினோம். திறந்தவர் அத்தையின் சேறு படிந்த சேலையை மேலும் கீழும் பார்த்தார்.

"அடிப்பாவி ராஜி! எந்தக் குட்டைலடி வுயுந்த?"

பிறகு இரண்டு பேரும் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். பிரியாணி வந்தது. சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பாயில் சும்மா சாய்ந்தேன், அப்படியே தூங்கிப்போனேன். விழித்தபோது தலைக்கடியில் ஒரு தலையணை இருந்தது, மேலே போர்வை. பக்கத்திலேயே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எய்ப்பி வுடு ராஜி, டீ போட்டுக்கீறேன்" என்றார் மும்தாஜ்.

"வோணாம், தூங்கட்டும். வாரம் பூரா ஆபீஸு ஆபீஸுன்னு ஓடுது எம் பொண்ணு. நம்ம இன்னொரு டீ குடிக்கலாம்."

நான் கண்ணைத் திறக்கவில்லை. அவர்கள் அந்த டீயைக் குடித்து முடிக்கும்வரை அப்படியே படுத்திருந்தேன்.