ராட்டினத்தில் ஒரு தராசு

எங்கள் பழைய பேப்பர் கடையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வியாபாரம் படுத்துவிடும். என் வீட்டுக்காரர் மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகக் கிளம்பிவிடுவார். நான் கடையில் உட்கார்ந்து அட்டை வேறு, பேப்பர் வேறு, பிளாஸ்டிக் வேறு என்று பிரித்துப் போடுவேன். கைக்குத்தான் வேலை, காது சும்மா கிடக்கும். அதனால் போனில் சமையல் வீடியோ ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் கத்திரிக்காய்க் குழம்பு முடிந்ததும் அதுவாகவே வேறொன்று ஓட ஆரம்பித்தது. யாரோ ஒரு வாத்தியார். இயற்பியலாம். என் கையெல்லாம் அழுக்கு, போனைத் தொட முடியவில்லை. சனியன், பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். நாம் இப்போது பார்க்கிற சூரியன் இப்போதைய சூரியன் இல்லை, அந்த வெளிச்சம் கிளம்பி எட்டு நிமிஷம் ஆகிறது என்றார். கையில் இருந்த அட்டையைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் மேலே பார்த்தேன். கண் கூசியதுதான் மிச்சம். ஆனாலும் அன்றைக்கு அட்டை பாதிதான் பிரித்தேன்.

அதன் பிறகு தினமும் அவர்தான். புரிகிறதோ இல்லையோ கேட்பேன். புரியாததை மறுநாள் மறுபடி கேட்பேன். வீடியோவுக்குக் கீழே கருத்து எழுதியிருப்பவர்களைப் பார்த்தால் லாரி ஓட்டுகிறவர், தையல்காரர், வெளிநாட்டில் சமையல் வேலை பார்க்கிறவர் என்று எல்லாம் நம்மைப் போன்ற ஆட்கள். ஒருத்தர், "வண்டிய ஓரம் கட்டிட்டு கேட்டேன் சார்" என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு அப்படி ஒரு தெம்பு வந்தது.

வினை வந்தது விழுவதைப் பற்றிய பேச்சில். விண்வெளியில் ஆட்கள் மிதக்கிறார்களே, அங்கே பூமியின் இழுப்பு இல்லாமல் இல்லை, அவர்கள் விழுந்துகொண்டே இருக்கிறார்கள், அதனால்தான் எடை தெரியவில்லை என்றார் வாத்தியார். லிப்ட் சட்டென்று கீழே இறங்கும்போதும், ராட்டினம் உச்சியைத் தாண்டும்போதும் நமக்கும் கொஞ்சம் எடை குறைகிறது, தராசு வைத்துப் பார்த்தால் தெரியும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பது வருஷமாகத் தராசோடு குடித்தனம் நடத்துகிறேன். பொருளில் துளி கூடக் குறையாமல் எடை மட்டும் குறையுமா?

அக்கா பேரனுக்கு எங்கள் ஊர் மலைமேல் முருகன் கோயிலில் காது குத்து நடந்தது. முடித்துவிட்டுக் கீழே சத்திரத்தில் பந்தி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எல்லாரும் நம் ஜனம்தானே என்று, "விழறப்போ எந்தப் பொருளுக்கும் எடையே இல்லியாம், தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டேன்.

பாவா, அதாவது அக்கா வீட்டுக்காரர், இலையிலிருந்து தலையைத் தூக்கினார். பள்ளிப்பட்டில் தறி வைத்திருக்கிறார். வாய் மட்டும் தறியைவிட வேகமாக ஓடும்.

"ஏம்மா, கொழந்தைக்கு காது குத்த வந்தா நீ எங்களுக்கு காது குத்துறியே! இந்த சாம்பார் வாளிய மாடிலேர்ந்து போடறேன். எடை இல்லன்னா கீழ நிக்கறவன் மண்ட ஏன் ஒடையுது?"

பந்தியே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. அது நல்ல கேள்விதான், இப்போதும் சொல்கிறேன். பாவா சிரித்தது கூடப் பரவாயில்லை, அவர் யாரைத்தான் விட்டுவைத்தார்? பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "வுடு சகல, போனப் பாத்து பாத்து அது லூசாயிடுச்சி" என்றார்.

ஊரே லூசு என்று சொல்லட்டும், கட்டினவன் பத்துப் பேர் நடுவில் சொல்லலாமா? பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்ததும் தட்டை நங்கென்று வைத்தேன், தண்ணீர்ச் சொம்பை நங்கென்று வைத்தேன். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"வெளையாட்டுக்குச் சொன்னேன்டி."

"நான் வெளையாட்டுக்குச் சொல்லல. நான் லூசா இல்லியான்னு நீ உன் கண்ணால பாக்கணும். பாத்துட்டு பாவாகிட்ட நீயே சொல்லணும்."

"இன்னாத்தப் பாக்கறது?"

"ஆடிக் கிருத்திகைக்கு ராட்டினம் வரும். தராச எடுத்துகினு ஏறலாம்."

அவர் முகம் வெளுத்துப்போனது. உயரம் என்றால் அவருக்கு உயிர் போய்விடும். வீட்டில் பல்பு மாட்டுவது கூட நான்தான், அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

கிருத்திகை வருவதற்குள் பாவாவின் கேள்விக்கு நானே விடை தேடினேன். சணல் கட்டிய பேப்பர் கட்டை ஸ்பிரிங் தராசின் கொக்கியில் மாட்டிக் கையைச் சடாரென்று கீழே இறக்கிப் பார்த்தேன். முள் துள்ளியது, ஆனால் கண்ணுக்குப் பிடிபடவில்லை. மண்டை உடைவது எடையால் இல்லை, வந்த வேகத்தில் தடுத்து நிறுத்துகிறோமே, அதனால் என்று ஒரு நாள் துணி துவைக்கும்போது தோன்றியது. சோப்பு நுரையோடு அப்படியே நின்று சிரித்தேன். சரியா தப்பா என்று கேட்க ஆளில்லை. ஆனால் நானாக யோசித்தேன் என்பதே பெரிய விஷயமாக இருந்தது.

கிருத்திகையன்று சாயங்காலம், வெளிச்சம் போவதற்குள், கடையில் தொங்கிய ஸ்பிரிங் தராசையும் இரண்டு கிலோ பேப்பர் கட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ஊரெல்லாம் காவடி, அரோகரா சத்தம். பாவாவும் அக்காவும் சாமி பார்க்க வந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்காமல் பாவா போவாரா? "ஜனமெல்லாம் காவடி தூக்கினு போவுது, என் மச்சினிச்சி தராசு தூக்கினு வர்றா" என்று ராட்டினத்தடியில் வந்து நின்றுகொண்டார். ராட்டினக்காரர் தராசைப் பார்த்து, "இன்னாக்கா, மேல யாருக்கு வியாபாரம்?" என்றார். கல் இல்லை, பேப்பர்தான் என்று காட்டி, தராசை என் மணிக்கட்டில் கயிற்றால் கட்டிக்கொண்ட பிறகுதான் ஏறவிட்டார்.

சுற்ற ஆரம்பித்தது. முதல் இரண்டு சுற்று மெதுவாகப் போனது, முள் இரண்டிலேயே நின்றது. வாத்தியார் தப்பாகச் சொல்லியிருந்தால்? நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால்? பிறகு வேகம் பிடித்தது. கீழே வரும்போது கட்டு கையை இழுத்தது. மேலே ஏறினோம். உச்சியில் வயிறு காலியான அந்தக் கணம் முள்ளைப் பார்த்தேன். ஒன்றரைக்குப் போய்விட்டது! என் கையில் அதே தராசு, அதே கட்டு. ஒரு காகிதம் கூடக் கழன்று விழவில்லை. கீழே வந்தால் இரண்டரையைத் தொட்டது, மறுபடி மேலே போனால் ஒன்றரை. எனக்கு ரோமமெல்லாம் சிலிர்த்தது.

"யோவ், பாருய்யா! பாரு, கொறையுது!" என்று கத்திக்கொண்டே திரும்பினேன்.

மனுஷன் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தார். "முருகா முருகா" என்பதைத் தவிர வேறு சத்தமில்லை. நான் அவரை உலுக்கினேன், திட்டினேன். ஊஹூம். நிற்கும்வரை கண்ணைத் திறக்கவே இல்லை.

கம்பியைப் பிடித்தபடியே இறங்கினார். பாவா எதிரே வந்தார்.

"இன்னா சகல, எடை கொறைஞ்சிதா?"

இவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு பாவாவிடம், "ஆங், கொறைஞ்சிது. நானே பாத்தேன். நல்லா கொறைஞ்சிது. இது சொன்னதுதான் கரெக்டு" என்றார்.

பாவா தராசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். இதற்காகத்தானே இத்தனை நாள் தட்டை நங்கு நங்கென்று வைத்தேன்? பத்துப் பேர் நடுவில் எனக்காகப் பேசிவிட்டார். பொய்தான், ஆனால் எனக்காகச் சொன்ன பொய். அப்படியே அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது.

ஆனால் மனசு ஒப்பவில்லை. நான் பார்த்தது நிஜம். நிஜமாக இருக்கிற ஒன்றுக்குப் பொய்ச் சாட்சி எதற்கு?

"இல்ல பாவா," என்றேன். "கொறைஞ்சிது, நான் பாத்தேன். இவரு பாக்கல. கண்ண மூடிகினு இருந்தாரு."

பாவா விழுந்து விழுந்து சிரித்தார். "அப்போ சாட்சி அம்பேல்!" இவர் முகம் சுண்டிப்போனது. நான் உதவிக்கு வந்தவரையே பிடித்துத் தள்ளிவிட்டேன் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பேப்பர் கட்டைக் கொக்கியிலிருந்து கழற்றப் போனேன்.

"கழட்டாத," என்றார் இவர். என் மணிக்கட்டிலிருந்த கயிற்றை அவிழ்த்துத் தன் கையில் கட்டிக்கொண்டார். "வா, இன்னொரு வாட்டி ஏறலாம்."

"வேணாம்யா, உனக்கு ஒத்துக்காது."

"நீ சொன்னத நான் நம்பறேன்டி. ஆனா நான் பாக்கலியே."

ராட்டினம் வேகம் பிடித்ததும் அவர் கண் மூடப் பார்த்தது. இந்தத் தடவை நான் உலுக்கவில்லை. அவரே உதட்டைக் கடித்துக்கொண்டு திறந்தார். காற்றில் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. உச்சி வந்தது. அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அய்யோ," என்றார் மெதுவாக. அடுத்த சுற்றில், "அய்யோ, போவுதுடி! ஏய், திரும்ப வருதுடி!" என்று கத்தினார். நாங்கள் உட்கார்ந்திருந்த பெட்டி ஊரைவிட உயரத்தில் இருப்பதே அவருக்கு ஞாபகம் இல்லை. எப்படி, எப்படி என்று என்னையே கேட்டார். நான் வாத்தியார் சொன்னதைச் சொல்லிக்கொண்டே வந்தேன், பாதி காற்றில் போனது.

இறங்கியதும் பாவா மறுபடி எதிரே வந்தார். "இப்போவாவது பாத்தியா சகல? நெஜமாவே கொறைஞ்சிதா?"

இவர் கயிற்றை அவிழ்த்துத் தராசைப் பாவா கையில் வைத்தார்.

"என்னிய இன்னாத்துக்குக் கேக்கற? ஏறிப் பாரு."