நாலு பேர் என்று சொல்லவைத்த உபதேசியார்

ஞானமுத்து உபதேசியார் இறந்த செய்தி வந்தபோது நான் பட்டாசு ஆலையில் வெடிக்குத் தாள் சுற்றிக்கொண்டிருந்தேன். நல்ல மனுசன் போயிட்டாக என்றாள் பக்கத்தில் இருந்தவள். நான் அடுத்த தாளை எடுத்தேன்.

மறுவாரம் சபையார் நீங்கள் வந்து அவருடைய நினைவு மலருக்கு எழுதித் தரச் சொன்னீர்கள். மன்னிப்புக்கு உதாரணமாக என்னைத்தான் அவர் பிரசங்கத்தில் சொல்வாராம். நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவன். அந்தப் பிரசங்கத்தை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன். அச்சடிப்பதும் கிழித்துப் போடுவதும் உங்கள் இஷ்டம்.

என் தங்கை செல்வி வேலை பார்த்த அறை வெடித்த அன்று, தீயணைப்பு வண்டிக்கு முன்பே அவர் வந்துவிட்டார். கருகியவர்களை வெறுங்கையால் தூக்கி லோடு வேனில் ஏற்றினார். அதை நான் மறைக்க மாட்டேன். செல்வி ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். தீபாவளி ஆர்டருக்காக எத்தனை பேரை அடைத்திருந்தார்கள் என்று பக்கத்து அறையில் வேலை பார்த்த நான் விசாரணையில் சொல்ல வேண்டும். அதற்கு முதல்நாள் உபதேசியார் வீட்டுக்கு வந்தார். பின்னால் ஆலை மேனேஜர். அவரும் அதே சபைதான். பாழாய்ப்போன உலகத்தைச் சீர்ப்படுத்தத்தான் சபை இருக்கிறது என்பது உபதேசியாரின் ஓயாத பேச்சு. அன்றும் அதில்தான் ஆரம்பித்தார்.

"மன்னிச்சிரு தம்பி. பகைய வச்சிக்கிட்டு ஊரச் சீர்ப்படுத்த முடியாது. கம்பெனிய மூடிட்டா இம்புட்டு சனமும் எங்கன போவும்?"

மறுநாள் விசாரணையில் நாலு பேர் என்று சொன்னேன். காயம்பட்ட மற்றவர்கள் தண்ணீர் குடிக்க வந்து வாசலில் நின்றவர்கள் என்றேன். நானும் பச்சைக் குழந்தை இல்லை. என் வாய்தான் சொன்னது. செத்தது என் தங்கை, சீர்ப்பட்டது முதலாளியின் லைசென்ஸ்.

ஆலையைத் திரும்பத் திறந்தபோது புது அறையில் ஜெபம் நடந்தது. உபதேசியாரோடு பத்துப் பன்னிரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு நாலு பேருக்கான அந்த அறைக்குள் நெருக்கி நின்று ஆமென் சொன்னார்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

போன மாதம் எனக்கு ஆளனுப்பினார். எலும்பும் தோலுமாகக் கிடந்தார்.

"உன்னைய மன்னிக்கச் சொன்னேன். கம்பெனிக்காரவுகள ஒத்துக்கிடச் சொல்லலியே தம்பி. தப்புப் பண்ணிட்டேன்."

இதைச் சபைக்கு முன்னால் சொல்லுங்கள் என்றேன்.

"சபை ஒடஞ்சிரும்ப்பா."

சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். சாவுக்கும் போகவில்லை.

அவர் சொன்னவற்றில் நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். செய்த பாவத்தை நாலுபேர் அறியச் சொன்னால்தான் அது தீரும் என்பார். அவரால் முடியவில்லை. விசாரணை அதிகாரியிடம் உண்மையை எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் இதை உங்களுக்கு அனுப்புகிறேன். அன்று அந்த அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் பதினோரு பேர்.