பெயர்கள் திரும்பி வந்த மத்தியானம்

கறுப்புத் திரையில் வரிக்கு வரி கேள்விக்குறிகள் நின்றதை நான் இன்னும் மறக்கவில்லை. ஒவ்வொரு வரியும் கடலுக்குப் போன ஒரு படகு. வரியின் வலப்பக்கத்தில், படகு நிற்கும் இடமும் அது போகும் வேகமும் எண்களாக ஒழுங்காகவே தெரிந்தன. இடப்பக்கத்தில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும், நீளமும் குட்டையுமாகக் கேள்விக்குறிகள். வெளியே வாடைக் காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. சங்கக் கட்டடத்தின் விறாந்தையில் பெண்கள் நனைந்தபடி நின்றார்கள். யன்னல் கம்பிக்கு அப்பாலிருந்து ஒருத்தி கேட்டாள்: "அக்கா, எங்கடை வள்ளம் அசையுதோ?"

"பொறு பிள்ளை, பாத்துச் சொல்லுறன்" என்றார் என் பக்கத்தில் நின்றவர். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. ஆனால் கதிரையின் முதுகைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் வெளுத்திருந்ததை நான் மட்டும் கண்டேன்.

அவரை எல்லோரும் செயலாளர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். குருநகரில் கடற்றொழில் செய்பவர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சிறிய சங்கத்தின் செயலாளர் அவர். தகப்பனும் கடலுக்குப் போனவர், கணவரும் கடலுக்குப் போகிறவர். நான் அளவெட்டிக்காரி. கணினி படித்துவிட்டு யாழ்ப்பாண நகரத்தில் ஒரு திருத்தும் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கத்துக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எங்கள் கடை எடுத்திருந்தது, அதனால் அங்கே அடிக்கடி போய்வந்தேன். தோட்டமும் துரவுமாக வளர்ந்த எனக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. கணினியைப் பற்றி அக்காவுக்கும் பெரிதாகத் தெரியாது. இரண்டு பேருமே தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறவர்கள் என்பதால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போனது.

படகுகளில் பொருத்திய சிறிய கருவிகள் தாங்கள் நிற்கும் இடத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். அவற்றை வாங்கித் திரையில் காட்டும் மென்பொருளை, ஊரிலிருந்து வெளிநாடு போன ஒரு பொறியியலாளர் எழுதிக் கொடுத்திருந்தார். படமும் வர்ணமும் இல்லாத எளிய மென்பொருள். லினக்ஸ் கணினியில், டெர்மினல் என்று நாங்கள் சொல்லும் அந்தக் கறுப்பு எழுத்துச் சாளரத்துக்குள் ஓடும். பழைய கணினியிலும் ஓட வேண்டும், மின்சாரம் போய் வந்தாலும் உடனே எழும்ப வேண்டும் என்பதற்காக அப்படி எழுதியிருந்தார். முதலில் அவர் படகுகளின் பெயர்களை ஆங்கிலத்தில்தான் போட்டிருந்தார். அக்கா அதை ஏற்கவில்லை. "வள்ளத்திலை எழுதியிருக்கிற மாதிரி இதிலையும் இருக்கட்டும். யன்னலாலை எட்டிப் பாக்கிற சனம் தாங்களே வாசிக்கோணும்" என்று சொல்லி, எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றுவித்தார். அதன்பிறகு உண்மையிலேயே பெண்கள் யன்னலால் எட்டிப் பார்த்து, தங்கள் படகின் பெயரைக் கண்டு, பேசாமல் திரும்பிப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உப்புக் காற்றில் அந்தப் பழைய கணினி ஒருநாள் செத்துப்போனது. மறுநாள் காலையில் நான் வேறொரு கணினியைக் கொண்டுபோனேன். அது கடையில் கிடந்த இன்னொரு பழையது. அதில் லினக்ஸும் ஒரு டெர்மினலும் தவிர வேறொன்றும் இல்லை. செத்த கணினியின் வன்தட்டைக் கழற்றி அதிலிருந்து விவரங்களைப் பிரதி எடுத்து, மென்பொருளை ஏற்றி முடிக்க மத்தியானமாகிவிட்டது. அதற்குள் வானம் இருண்டு, எதிர்பாராமல் காற்று எழும்பிவிட்டது. விடியப் போன படகுகளில் பாதிதான் கரைக்கு வந்திருந்தன. நான் மென்பொருளை ஓடவிட்டபோது திரையில் வந்தவைதான் அந்தக் கேள்விக்குறிகள்.

அக்கா திரையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார். "இதைப் பார் பிள்ளை. மற்றதெல்லாம் கரைக்கு வருது. இது வரேல்லை."

அந்த வரியில் வேகம் பூச்சியத்தை ஒட்டியே இருந்தது. ஆனால் இடத்தைக் காட்டும் எண்கள் மெல்ல மெல்ல மாறிக்கொண்டிருந்தன. எஞ்சின் நின்ற படகு ஒன்று காற்றோடு தென்மேற்காக, தீவுகளைத் தாண்டி வெளிக்கடலுக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. அதற்குக் கிட்ட இன்னொரு படகு கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதைத் திருப்பி அனுப்பினால் போதும். ஆனால் அந்த இரண்டாவது படகு யாருடையது? கடலில் நின்ற எல்லோருக்கும் அக்கா ஏற்கெனவே மாறி மாறித் தொலைபேசி எடுத்துக்கொண்டுதான் இருந்தார். பலருக்குத் தொடர்பே கிடைக்கவில்லை. சிலருக்கு மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. மழைக்குள் தொலைபேசியைப் பொலித்தீன் பையில் சுற்றி எங்கேயோ செருகி வைத்திருப்பார்கள். ஒருவரையே விடாமல் அழைத்தால் எப்படியும் எடுப்பார். யாரை விடாமல் அழைப்பது என்பதுதான் தெரியவில்லை.

கடற்படைக்குச் சொல்லியாகிவிட்டது. இந்தக் காற்றுக்குள் அவர்கள் வந்துசேர நேரமெடுக்கும் என்றார்கள். மென்பொருளை எழுதியவருக்கு அழைப்பு எடுத்தேன். அவர் இருந்த நாட்டில் இன்னும் விடியவில்லை, மணி அடித்து ஓய்ந்தது.

எனக்கு முதலில் வந்தது ஒரே பயம்தான். பிரதி எடுக்கும்போது பெயர்களே அழிந்துபோயிருந்தால்? அப்படியானால் எதைத் திருத்தியும் பயனில்லை. விவரங்கள் இருந்த கோப்பைத் திறந்து, எழுத்தாக அல்லாமல் வெறும் குறியெண்களாகக் காட்டச் சொன்னேன். யூனிகோட் முறையில் ஒரு தமிழ் எழுத்தைச் சேமிக்கும்போது அது மூன்று துண்டுகளாகப் போகும். முதல் துண்டு எப்போதும் 'ஈ சைபர்' என்றிருக்கும், அடுத்தது பெரும்பாலும் 'ஏ ஈ'. திரையில் அந்த எண்கள் ஓடத் தொடங்கின. ஈ சைபர், ஏ ஈ. ஈ சைபர், ஏ ஈ. மழையில் நனைந்த கோழி மாதிரிக் குறுகிப்போயிருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அக்கா, பெயருகள் அழியேல்லை. உள்ளுக்கை பத்திரமாக் கிடக்கு. காட்டத்தான் இதுக்குத் தெரியேல்லை."

"அப்ப காட்டப் பழக்கு" என்றார் அக்கா. சொல்லிவிட்டு மீண்டும் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டார்.

கணினிக்கு எந்த மொழி, எந்த எழுத்துமுறை என்று சொல்லும் அமைப்பு ஒன்று உண்டு. லொக்கேல் என்பார்கள். அதைக் கேட்டுப் பார்த்தேன். ஆங்கில எழுத்துகளைத் தவிர வேறெதுவும் உலகத்தில் இல்லை என்று நம்பும் மிகப் பழைய அமைப்பில் அது நின்றது. தமிழ்ப் பெயர் வந்தால் மென்பொருள் என்ன செய்யும்? புரியாததற்கெல்லாம் கேள்விக்குறியைப் போட்டுவிட்டது. யூனிகோட் தெரிந்த தமிழ் அமைப்பு ஒன்றை உருவாக்கச் சொன்னேன். அந்தப் பழைய இயந்திரம் முக்கி முனகி அதைச் செய்து முடிக்கும்வரை, விறாந்தையில் ஒரு பெண் செபமாலை சொல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். டெர்மினலையும் மூடி, யூனிகோட் முறையில் மீண்டும் திறந்து, மென்பொருளை ஓடவிட்டேன்.

கேள்விக்குறிகள் போய்விட்டன. அவை நின்ற இடங்களில் இப்போது வெற்றுப் பெட்டிகள், சின்னச் சின்னச் சதுரங்கள்.

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "உதென்ன பிள்ளை, முந்தியே பரவாயில்லையெண்டு கிடக்கு."

"இல்லையக்கா, இது நல்லது" என்றேன். நான் சொன்னது ஆறுதலுக்காக அல்ல. பெட்டி வந்தால் எழுத்து வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள், அதை வரைவதற்கான எழுத்துருதான் கணினியில் இல்லை. என் பென் டிரைவில் தமிழ் எழுத்துருக்கள் கிடந்தன. ஒன்றைப் பிரதி எடுத்து உரிய இடத்தில் போட்டு, எழுத்துருப் பட்டியலைப் புதுப்பித்து, டெர்மினலுக்கு அதன் பெயரைக் கொடுத்தேன். மூன்றாவது முறையாக மென்பொருளை ஓடவிட்டேன்.

தமிழ் வந்தது. அழகாக வரவில்லை. ஒரே அகலப் பெட்டிகளுக்குள் ஆங்கில எழுத்துகளை அடுக்கப் பழகிய அந்த டெர்மினலுக்குத் தமிழின் கொம்பையும் அரவு என்கிற துணைக்காலையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு அதன் மேலேயே ஏறி இருந்தது. புள்ளிகள் விலகி அடுத்த எழுத்தின் தலையில் விழுந்திருந்தன. பெயரின் வால், பக்கத்திலிருந்த எண்ணோடு மோதிக்கொண்டது. நான் இன்னும் எதையாவது மாற்றலாமா என்று விசைப்பலகைக்குக் கையைக் கொண்டுபோனேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"விடு. காலும் கையும் கழண்டு கிடந்தாலும் ஆளைத் தெரியுது."

யன்னலுக்குப் போய் அவர் பெயர்களை உரத்து வாசித்தார். நீலக்கடல், வருது. சின்னத்தேர், வருது. மரியமுத்து, மண்டைதீவுக்குக் கிட்ட வந்திட்டுது. ஒவ்வொரு பெயருக்கும் விறாந்தையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டே அழுதாள். கொடிமலர், வருது என்று அக்கா வாசித்துவிட்டு நிறுத்தினார். இன்னும் ஒரு வரி இருந்தது. அதைச் சத்தமாக வாசிக்கவில்லை. என் பக்கம் திரும்பி மெல்லிய குரலில் சொன்னார்:

"நிண்டது பொன்னொளி. எங்கடைதான்."

பொன்னொளி அவருடைய கணவரின் படகு. அக்கா உடனே அதற்குக் கிட்ட நின்ற வரியைப் பார்த்தார். கிட்ட வந்துகொண்டிருந்த படகு கொடிமலர். அதன் சொந்தக்காரருக்கும் அக்காவின் கணவருக்கும் வலை சிக்கிய ஒரு சண்டையில் தொடங்கிய மனத்தாங்கல். கோயிலிலும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. அக்கா அந்த மனிதரின் எண்ணை அழைத்தார். மணி அடித்து நின்றது. மீண்டும் அழைத்தார். மீண்டும். கடைசியில் எதிர்முனையில் காற்றின் இரைச்சலுக்குள் ஒரு குரல் கேட்டது.

"நான் செயலாளர் கதைக்கிறன். பொன்னொளி உங்களுக்குத் தெற்காலை எஞ்சின் நிண்டு இழுபடுது. உங்களை விட்டாக் கிட்ட ஒருத்தரும் இல்லை" என்று அக்கா உரத்துச் சொன்னார். மனைவியாக அல்ல, செயலாளராகவே கேட்டார். பதில் எனக்கும் கேட்டது. அந்த மனிதர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "இடத்தைச் சொல்லுங்கோ அக்கா, திருப்புறன்."

அதன்பிறகு நாங்கள் இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொடிமலரின் எண்கள் திசை மாறின. இரண்டு வரிகளின் எண்களும் நெருங்கி நெருங்கி வந்தன. நெடுநேரம் அவை அப்படியே நின்றன. அந்த அலைக்குள் கயிறு எறிந்து பிடிப்பது லேசான வேலையில்லை என்று அக்கா பின்னர் எனக்குச் சொன்னார். பிறகு பொன்னொளியின் வேகம் பூச்சியத்திலிருந்து ஏறியது. கொடிமலர் என்ன வேகத்தில் வந்ததோ அதே வேகம். கயிறு பிடிபட்டுவிட்டது என்று எவரும் சொல்லாமலே கடல் தெரியாத எனக்கும் விளங்கியது. அக்கா அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தார்.

பொழுது படுவதற்கு முன் அவர்கள் கரைக்கு வந்தார்கள். அக்காவின் கணவர் சொட்டச் சொட்ட நனைந்தபடி சங்க வாசலில் வந்து நின்று, ஏதோ தான் பிழை செய்தவர்போல, "எஞ்சினுக்கை தண்ணி போயிட்டுது" என்றார். அவருக்குப் பின்னால் கொடிமலர்க்காரர். அக்கா இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். "குடிச்சிட்டுப் போய் உடுப்பை மாத்துங்கோ" என்றார். பிறகு வலைகள் வைக்கும் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார். அந்த இரண்டு ஆண்களும் ஒரே மர வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல், எஞ்சினைப் பற்றி மட்டும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அதுவே ஊருக்குப் போதுமாக இருந்தது.

மறுநாள் காலையில் அக்கா என்னை அழைத்தார். "பிள்ளை, அந்த எழுத்துகளை ஒருக்கா நேராக்கித் தாவன். நான் எண்டபடியால் வாசிச்சன், எல்லாரும் வாசிக்கோணும்." அவசரமில்லாமல் இருந்து வேலை செய்தேன். எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கத் தெரிந்த வேறொரு டெர்மினலைத் தேடி எடுத்துப் போட்டேன். பெயருக்கும் எண்ணுக்கும் இடையில் தாராளமாக இடம் விட்டேன். மின்சாரத்தை நிறுத்திப் போட்டு, கணினி எழும்பும்போது அமைப்புகள் எல்லாம் தானாகவே திரும்பி வருகின்றனவா என்று பார்த்தேன். கொம்பு கொம்பின் இடத்தில் வந்து நின்றது. அக்கா எட்டிப் பார்த்து, "இப்பதான் மனுசர் மாதிரிக் கிடக்கு" என்றார்.

அதெல்லாம் நடந்து பல வருடங்களாகிவிட்டன. இப்போது டெர்மினலில் தமிழைக் கொண்டுவர அவ்வளவு மினக்கெட வேண்டியதில்லை. பெரும்பாலான புதிய கணினிகள் யூனிகோடைத் தெரிந்துகொண்டே வருகின்றன. எழுத்து இடம் மாறுவது மட்டும் இன்னமும் சில டெர்மினல்களில் உண்டு. நான் வேறொரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அக்கா பொறுப்பைவிட்டு விலகி வீட்டோடு இருக்கிறார். சங்கத்தில் வேறொரு செயலாளர், கெட்டிக்காரப் பெண். ஆனாலும் புதிய கணினி மாற்றும்போது என்னைத்தான் கூப்பிடுவார்கள், நானும் போவேன். பிழைகள் பலவற்றைத் திருத்தித்தான் என் காலம் போகிறது, அவற்றில் பெரும்பாலானவை ஒருவருக்கும் நினைவில் நிற்பதில்லை. அந்த மத்தியானத்தை மட்டும் நினைக்கும்போது நெஞ்சுக்குள் இன்றும் ஏதோ இளகுகிறது. கேள்விக்குறிக்குப் பின்னால் பெயர் பத்திரமாக இருந்தது, பெயருக்குப் பின்னால் மனிதர்கள் பத்திரமாக இருந்தார்கள்.

போன கார்த்திகையில் நான் சங்கத்தில் வேலையாக இருந்தபோது காற்று மாறியது. என் தொலைபேசி அடித்தது. அக்கா.

"பிள்ளை, அங்கைதானே நிக்கிறாய்? எல்லாரும் வந்திட்டினமோ?"

திரையில் ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். எல்லாப் படகுகளும் கரையில்.

"ஓம் அக்கா. எல்லாரும் வந்திட்டினம்."

"சரி" என்றார். "அப்ப நான் உலை வைக்கப் போறன்."