பொன்தகட்டுக்கு ஒரு போத்தல்

சென்ற ஞாயிறன்று மலாக்காவின் தங்கா பத்துவிலிருந்து நண்பர் குப்புசாமி வந்திருந்தார். ஒரே ரப்பர்த் தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தவர்கள் நாங்கள். கொடுத்த காப்பியை அவர் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து மூடியிட்ட சிறு போத்தல் ஒன்றை எடுத்து மேசைமீது வைத்தார். காலிப் போத்தல்.

அவர் மகள் மலர்விழி ஆய்வுக்கூடத்தில் பணிபுரிகிறாள். சிறுநீரகம் பழுதுறத் தொடங்கும்போதே சிறுநீரில் கசியும் புரதத்தை ஒளியால் கண்டறியும் உணரியை அவள் குழு உருவாக்கி வருகிறது. நுண்துளைகள் நிரம்பிய பொன்தகடு; அதன்மேல் ஓர் அணுவின் தடிப்பே உள்ள கிராஃபீன் படலம். புரதம் வந்து ஒட்டினால், தகட்டிலிருந்து திரும்பும் ஒளியின் நிறம் இம்மியளவு பெயரும். கண்ணுக்குத் தெரியாது; கருவிக்குத் தெரியும். வெறும் பொன் தவறவிடுவதையும் படலம் பற்றிக்கொள்கிறதாம். முதியோர் சிலரின் சிறுநீர் மாதிரி தேவைப்பட, தந்தையிடமும் கேட்டிருக்கிறாள்.

கொடுப்பதில் என்ன தடை என்றேன்.

"எனக்குத்தான் இனிப்பு நீராச்சே, சக்கர வியாதி. ஏதாச்சும் காட்டுச்சுனா ரத்தம் சுத்தம் பண்ற மெஷின்ல மாட்டிருவாங்க. உனக்கு ஒண்ணும் இல்லதானே? நீயே புடிச்சுக் குடுத்துடு லா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் தெரியுமா?

எங்கள் தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் இருந்தார். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சிறுநீர்ச் சொட்டுகளைச் சேர்த்து, விளக்கில் காய்ச்சுவார். நாங்கள் சன்னலோரம் நின்று பார்ப்போம். நீலம் நீலமாகவே நின்றால் நலம். பச்சை, மஞ்சள், செங்கல் நிறம்... நிறம் மாற மாறச் சர்க்கரை மிகுதி. அன்றும் நிறம்தான் சாட்சி! அந்தச் சுடரின் நடுக்கம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

குப்புசாமியின் தந்தைக்குச் செங்கல் நிறமென்றால் அச்சம். சிவந்தால் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். மரம் சீவும் வேலை வேறொருவருக்குப் போய்விடும். ஆகவே மகனை அழைத்துப் போத்தலை நிரப்பச் சொல்வார். டிரெஸ்ஸரின் குழாயில் எப்போதும் நீலம். அவர் கால்கள் வீங்கத் தொடங்கியபோதும் நீலம்தான். அந்தக் கால்களோடு அவர் நெடுநாள் நடக்கவில்லை.

"குப்பு, உங்கப்பாவுக்கு நீ புடிச்சுக் குடுத்தது மறந்துபோச்சா?"

காப்பி ஆறி ஆடை கட்டியது. பிறகு போத்தலை எடுத்துக்கொண்டு எழுந்தார் — என் வீட்டுக் கழிவறையை நோக்கி. தாழிட்ட கதவுக்குப் பின்னிருந்து குரல் மட்டும் வந்தது: "அங்கயே நிக்காத லா, வர மாட்டேங்குது."

நேற்று மலர்விழி தொலைபேசியில் அழைத்தாள். உணரியில் நிறம் சற்றே பெயர்ந்ததாம். ஆய்வுக் கருவியை மட்டும் நம்பாமல், அவரை மருத்துவமனைக்கும் அழைத்துச் சென்றிருக்கிறாள். தொடக்க நிலைதான், மருந்தாலேயே காக்கலாம் என்றார்களாம்.

"நல்லவேள மாமா, அப்பா மறுபேச்சு இல்லாம குடுத்துட்டாரு."

ஆமாம் என்றேன்.

பொன்னும் படலமும் எத்துணை நுண்மை பெற்றாலென்ன... போத்தலில் இருப்பது யாருடையது என்று கேட்க, இன்னமும் ஒரு பழைய நண்பன்தான் வேண்டியிருக்கிறது!