எல்லாப் பூட்டுக்கும் மூன்று

படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். கிடைத்த வேலை திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில், சாவி வெட்டும் மெஷினுக்கு ஃபைல் தயார் பண்ணிக் கொடுப்பது. சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான். ஒரு பூட்டுக்கு ஒரு வரி. முதலில் பூட்டு எண், பிறகு ஐந்து எண்கள். சாவியில் ஐந்து இடங்களில் எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்பது அது. அதே எண்ணுள்ள 'பின்', அதாவது அந்த ஆழத்துக்கு ஏற்ற சின்ன உலோகக் குச்சி, பூட்டுக்குள் போகும். எண்களுக்கு நடுவில் விடும் இடைவெளிகூடப் பிசகக் கூடாது. பிசகினால் மெஷின் படிக்காது.

அன்றைக்கு வந்தது ஒரு பெண்கள் விடுதி ஆர்டர், அறைக் கதவுகளில் பதிக்கிற பூட்டு. முதலாளி என் மேஜையில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"குடோன்ல மூணாம் நம்பர் பின்னு மூட்டை மூட்டையாக் கெடக்குத்தா. ரெண்டாவது, நாலாவது எடத்துல இருக்கிறத எல்லா வரியிலயும் மூணுன்னு மாத்திரு."

பைதானில் பத்து வரி வேலை. அந்த இரண்டு நெடுவரிசையில் மட்டும் மூன்றைப் போடு, மற்றதைத் தொடாதே, புது ஃபைலில் எழுது. முடிந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து எண்களும் ஒரே மாதிரி இருக்கும் வரிகளைத் தேடவிட்டேன். திரை நிறைய வந்து விழுந்தது. இரண்டு இடத்தை ஒன்றாக்கிவிட்டால் மிச்சம் மூன்றுதானே வேறுபடும்?

"அண்ணே, இத அனுப்ப முடியாது. ஒரு சாவிக்கு நாலஞ்சு ரூம் தொறக்கும்."

"எந்தப் புள்ள ரூம் ரூமாப் போயி சாவிய விட்டுப் பாக்கப் போகுது?"

"புள்ளைக பாக்காதுண்ணே. வேற எவனாச்சும் பாப்பான்."

"ஏத்தா, ஒன்னய வேலை பாக்கத்தான் வச்சேன். வியாக்கியானம் பண்றதுக்கில்ல."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தவள் நான். கதவைப் பூட்டி, ஒரு தடவை இழுத்துப் பார்த்த பிறகுதான் தூக்கமே வரும். அந்தப் பூட்டைச் செய்தவனும் மிச்சப் பின்னைக் காலி பண்ணத்தான் செய்தானோ என்னவோ.

"நான் பண்ண மாட்டேன்." புது ஃபைலை அழித்தேன்.

"நீ இல்லாட்டி மிசினு ஓடாதாக்கும்."

அவரே உட்கார்ந்தார். எக்ஸலில் திறந்து, மூன்றை மேலிருந்து கீழே இழுத்து நிரப்பி, பென் டிரைவில் கொண்டு போனார். செத்த நேரத்தில் மெஷின்காரர் குரல் கேட்டது: "மொதலாளி, எர்ரர் காட்டுது." இடைவெளியெல்லாம் சிதறிப்போயிருந்தது. மறுபடி வந்தார், மறுபடி போனார், மறுபடி எர்ரர். விடுதியிலிருந்து போன்மேல் போன். நான் வடை தின்றுகொண்டிருந்தேன். உதவுகிற எண்ணம் துளியும் இல்லை.

"என்னதான்த்தா பண்ணணுங்குற?"

ஸ்கிரிப்டில் ஒரு நிபந்தனை சேர்த்தேன். மூன்றைப் போட்டபின் அந்த வரி வேறு எந்த வரியோடும் ஒத்துப்போகாவிட்டால் மட்டும் மாற்று. இல்லாவிட்டால் பழைய எண்களையே விட்டுவிடு. மெஷின் ஓடியது.

"இம்புட்டுப் பின்னுதான் காலியாகுமா?"

"இம்புட்டுத்தான்."

"போகுது. அடுத்த ஆர்டர்ல முழுசாப் போட்டுருவோம். அது மில்லுப் புள்ளைக தங்குற எடத்துக்குத்தான, யாரு கேக்கப் போறா?"

நான் சேரை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"அந்த ஃபைலையும் இப்பவே குடுங்க. நீங்க கை வைக்கிறதுக்கு முன்னாடி."